விட்டம் தெரியும், பரப்பளவு வேண்டும்: எந்த வழியில் கணக்கிடலாம்?

வட்டத்தின் பரப்பளவுக்குப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது ஆரத்தை வைத்துச் சொல்லும் சூத்திரம். ஆனால் டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு குழாயையோ மேசையையோ அளக்கப் போனால் கிடைப்பது விட்டம்தான். மையம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை அளக்கத்தான் முடியும். அந்த விட்டத்திலிருந்து பரப்பளவுக்குப் போக நாலைந்து வழிகள் உண்டு. எல்லாமே ஒரே விடைக்குத்தான் கொண்டுபோய் விடும். தவறு நுழையும் இடம் மட்டும் வழிக்கு வழி மாறும். எந்த வேலைக்கு எந்த வழி என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விட்டத்தை நேரடியாக அளந்திருந்தால், அதை வர்க்கமாக்கி 0.7854-ஆல் பெருக்குங்கள். பொருள் பெரியது, சுற்றிலும் டேப்பைச் சுற்ற முடியும் என்றால், விட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றளவை அளந்துகொள்வது மேல். இரண்டு வட்டங்களில் எது எத்தனை மடங்கு பெரியது என்பதுதான் கேள்வி என்றால் π-யைத் தொடவே வேண்டாம். π-க்கு எத்தனை தசம இடம் எடுப்பது என்ற கவலை இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

ஒப்பிட வசதியாக ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: 60 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்ட மூடி. அதன் பரப்பளவு 2827.43 சதுர செ.மீ.

பாதியாக்குவதா, நாலால் வகுப்பதா?

பள்ளி வழி இது: 60-இல் பாதி 30; 30 × 30 = 900; 900 × 3.1416 = 2827.44.

விட்டத்தை அப்படியே பயன்படுத்தும் வழி: 60 × 60 = 3600; 3600 × 3.1416 = 11,309.76, அதை 4-ஆல் வகுத்தால் 2827.44.

π-யை 4-ஆல் வகுக்கும் வேலையை ஒரே தடவை செய்து முடித்துவிட்டால் கிடைக்கும் எண் 0.7854. பிறகு எந்த விட்டம் வந்தாலும் ஒரு வர்க்கம், ஒரு பெருக்கல், அவ்வளவுதான்:

பரப்பளவு = 0.7854 × விட்டம் × விட்டம்

நாலு எங்கிருந்து வருகிறது? ஆரம் விட்டத்தில் பாதி. பாதியை வர்க்கமாக்கினால் கால் பங்காகிவிடும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். விட்டத்தைப் பாதியாக்க மறந்துபோய் வர்க்கமாக்கினால் விடை 11,309.76, அதாவது நாலு மடங்கு. ‘பாதியாக்க வேண்டுமே’ என்று கடைசியில் நினைவு வந்து, வர்க்கமாக்கிய பிறகு 2-ஆல் வகுத்தால் 5654.88, அதாவது இரண்டு மடங்கு. கொடுத்திருந்தது ஆரம் என்று கவனிக்காமல் அதை விட்டமாக எடுத்து மறுபடி பாதியாக்கினால் 706.86, கால் பங்கு.

இந்த மூன்றையும் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் வரையுங்கள். அதன் பக்கம் விட்டத்துக்குச் சமம், பரப்பு 3600. வட்டத்துக்குள் மூலைகள் தொடும்படி இன்னொரு சதுரம் வரைந்தால் அதன் பரப்பு சரியாக அதில் பாதி, 1800. வட்டம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும், முக்கால் பங்குக்குச் சற்று மேலே. 11,309-உம் 5654-உம் வெளிச் சதுரத்தையே தாண்டுகின்றன. 706 உள் சதுரத்துக்கே எட்டவில்லை. 0.7854-ஐ நாங்கள் முதலில் பரிந்துரைப்பதற்கும் இதுதான் காரணம். இது வெறும் பெருக்கும் எண்ணாக நிற்காமல், சதுரத்தில் வட்டம் 78.54 சதவீதத்தை அடைக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுகிறது. சதுரத் தகட்டிலிருந்து அதில் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தை வெட்டினால் 21.46 சதவீதம் கழிவு என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

பாதியாக்கும் வழியில் இன்னொரு வம்பும் உண்டு. விட்டம் 12.7 மி.மீ. என்றால் ஆரம் 6.35. அதை 6.4 என்று முழுமையாக்கி எழுதிவிட்டால் பரப்பளவு 126.68-க்குப் பதில் 128.68 சதுர மி.மீ. ஆகிவிடும். ஒரு தசம இடத்தை நறுக்கியதற்கு 1.6 சதவீதப் பிழை. விட்டத்தோடே நின்றிருந்தால் நறுக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. வரைபடத்தில் ஆரம்தான் குறித்திருக்கிறது, அல்லது விட்டம் இரட்டைப்படை எண், மனக்கணக்காகப் போட வேண்டும் என்றால் பள்ளி வழியே போதும். தேர்வுத்தாளிலும் அதுவே நல்லது. ஆரம் கண்ட படிக்கும் மதிப்பெண் இருக்கலாம்.

π-க்கு எந்த மதிப்பு?

அதே மூடிக்கு ஒவ்வொன்றும் என்ன தருகிறது என்று பாருங்கள்:

3.14 → 2826.00 (1.43 குறைவு)
22/7 → 2828.57 (1.14 அதிகம்)
3.1416 → 2827.44 (0.01-க்கும் குறைவான வேறுபாடு)
355/113 → 2827.4336 (நாலாவது தசம இடத்தில்தான் வேறுபாடு)

3.14-ஐவிட 22/7 உண்மைக்குச் சற்று நெருக்கம். இன்னும் முக்கியம், இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் விலகுகின்றன: ஒன்று ஏறக்குறைய 0.05 சதவீதம் குறைக்கும், மற்றது 0.04 சதவீதம் கூட்டும். தனித்தனியாக இரண்டுமே பாதகமில்லை. ஒரே கணக்கில் இரண்டையும் கலந்தால்தான் வினை; அதைப் பின்னால் வளையத்தில் பார்ப்போம்.

22/7 எடுத்தால் 0.7854-க்குப் பதிலாக வருவது 11/14. விட்டத்தின் வர்க்கத்துக்கும் வட்டத்தின் பரப்புக்கும் உள்ள விகிதம் 14-க்கு 11 என்று ஆர்க்கிமிடீஸே எழுதியிருக்கிறார். விட்டம் 14-இன் மடங்காக இருந்தால் இதைவிட எளிதான வழி கிடையாது: 14 → 154, 28 → 616, 42 → 1386. பாடப்புத்தகக் கணக்குகளில் 14, 28, 42 திரும்பத் திரும்ப வருவதன் ரகசியமும் இதுதான். ஆனால் கேள்வியில் ‘π = 3.14’ என்று போட்டிருந்தால் 14-க்கு விடை 153.86 என்றுதான் வர வேண்டும். 154 என்று எழுதினால் அங்கே தவறு.

3.1416 என்பது ஆரியபடர் கி.பி. 499-இல் தந்த 62832/20000 என்ற பின்னத்தின் மதிப்பு. அன்றாட வேலை எதற்கும் இதற்கு மேல் தேவைப்படாது. 355/113-ஐ 5-ஆம் நூற்றாண்டில் சீனத்தின் சூ சோங்ஜி கண்டார். ஒன்று, மூன்று, ஐந்து ஆகியவற்றை இரண்டிரண்டாக 113355 என்று எழுதி நடுவில் பிரித்தால் பின்னம் கிடைத்துவிடும். π பொத்தான் இல்லாத சாதாரண கால்குலேட்டரில் துல்லியம் வேண்டுமென்றால் இதுதான் கைகொடுக்கும்.

காகிதமும் இல்லை, கால்குலேட்டரும் இல்லை என்றால்? விட்டத்தின் வர்க்கத்தில் 0.8 பங்கு எடுத்து, அதில் 2 சதவீதம் கழியுங்கள். 3600 → 2880 → 57.6 கழித்தால் 2822.4. பிழை 0.2 சதவீதத்துக்கும் குறைவு. விட்டம் 9-இன் மடங்காக இருந்தால் எகிப்தியர் வழி வசதி: விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து, மிச்சத்தை வர்க்கமாக்கு. 9 → 64, 18 → 256, 45 → 1600. பழைய எகிப்தியக் கணக்குச் சுவடியான ரைண்டு பப்பைரஸின் 50-ஆவது கணக்கு இதேபோல 9 அளவு விட்டமுள்ள வட்ட நிலத்துக்கு 64 என்று விடை சொல்கிறது. 0.6 சதவீதம் கூடுதலாகக் காட்டும். தோராயத்துக்கு ஆகும், பொருள் வெட்டுவதற்கு ஆகாது.

பிழை உண்மையில் எங்கே இருக்கிறது?

டேப்பில்தான். 60 செ.மீ. மூடியை 59.9 என்று படித்துவிட்டால், அதாவது ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், பரப்பளவு 2818.0-ஆகிவிடும். 9.4 சதுர செ.மீ. போயிற்று. 22/7 பயன்படுத்தியதால் வந்த பிழை 1.14 மட்டுமே, ஒரு மில்லிமீட்டர் அதைப்போல எட்டு மடங்குக்கு மேல் கெடுக்கிறது. விட்டம் வர்க்கமாவதால், விட்டத்தில் 1 சதவீதம் பிசகினால் பரப்பளவில் 2 சதவீதம் பிசகும். π-க்குப் பத்துத் தசம இடம் போட்டுவிட்டு விட்டத்தை அலட்சியமாகப் படிப்பது வீண் வேலை.

டேப் மையத்தின் வழியாகப் போகாமல் விலகினால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். அப்போது நீங்கள் அளப்பது விட்டம் அல்ல, அதைவிடச் சிறிய ஒரு நாண். மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளிப் போனால் டேப் 60-க்குப் பதில் 59.7 காட்டும். அதை விட்டமாக எடுத்துக் கணக்கிட்டால் பரப்பளவு 28.27 சதுர செ.மீ. குறையும். இந்த 28.27 ஏதோ வந்த எண் இல்லை, 3 செ.மீ. ஆரமுள்ள ஒரு சிறு வட்டத்தின் பரப்பளவு அது. எப்போதுமே இப்படித்தான்: டேப் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அந்த ஆரமுள்ள வட்டம் விடையிலிருந்து காணாமல் போகும். பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு ஒரு நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தப் பிழை குறைவாகத்தான் காட்டும்; ஒருபோதும் கூட்டாது. ஆகவே நாலு தடவை அளந்து சராசரி எடுப்பது இங்கே தவறு. டேப்பின் ஒரு முனையை ஓரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை எதிர் ஓரத்தில் இப்படியும் அப்படியும் நகர்த்தி, காட்டும் அளவுகளில் மிகப் பெரியதை எடுங்கள்.

பொருளின் மேல் டேப்பைச் சரியாக வைக்க முடியவில்லையா? இரண்டு நேர்க்கட்டைகளை இருபுறமும் இணையாக ஒட்டி வைத்து இடைவெளியை அளக்கலாம், அதுவே விட்டம். மூலைமட்டம் (தச்சரின் ‘L’ வடிவக் கருவி) இருந்தால் அதன் செங்கோண மூலையை வட்டத்தின் ஓரத்தில் வையுங்கள். கருவியின் இரு கைகளும் ஓரத்தை வெட்டும் இரண்டு புள்ளிகளையும் சேர்க்கும் கோடு விட்டம். சிறிய துளைக்கு வெர்னியர் காலிப்பரின் உள் தாடைகளைப் பயன்படுத்தும்போது, குறுக்குவாட்டில் ஆட்டி மிகப் பெரிய அளவையும், துளையின் நீளவாட்டில் சாய்த்து மிகச் சிறிய அளவையும் பிடிக்க வேண்டும். மிகச் சிறிய துளைகளில் தாடையின் தட்டையான விளிம்பே அளவைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

இனி சுற்றளவு வழி. சுற்றளவை வர்க்கமாக்கி 12.566-ஆல் (π-யின் நாலு மடங்கு) வகுத்தால் பரப்பளவு. நம் மூடிக்குச் சுற்றளவு 188.5, வர்க்கம் 35,532.25, வகுத்தால் 2827.65. இதன் பலம் என்னவென்றால், டேப்பில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விடையில் 3 சதுர செ.மீ. மட்டுமே பிசகும். விட்டத்தில் அதே பிசகு 9.4 ஆயிற்று. மையத்தைத் தேடும் தொல்லையும் இல்லை. மரத்தண்டு, தண்ணீர்த் தொட்டி, தூண் போன்றவற்றுக்கு இதுதான் வசதியான வழி.

பலவீனமும் உண்டு. டேப் தளர்ந்தாலோ கோணலாகச் சுற்றினாலோ சுற்றளவு கூடுதலாகத்தான் வரும். டேப்பின் தடிமனும் சேர்ந்துகொள்ளும்: 0.2 மி.மீ. தடிமன் என்றால் விட்டத்தில் 0.2 மி.மீ. கூடியதாகக் கணக்கு. அந்த வடிவம் சரியான வட்டமாக இல்லாவிட்டாலும் விடை கூடும். ஏனென்றால் ஒரே சுற்றளவுள்ள வடிவங்களில் அதிகப் பரப்பு வட்டத்துக்குத்தான். குழாயின் உள்விட்டத்துக்கு இது பயன்படாது என்பதும் நினைவிருக்கட்டும்.

விட்டம் அளந்தால் குறையும், சுற்றளவு அளந்தால் கூடும். அப்படியானால் இரண்டையும் அளந்துவிடலாமே? செய்யலாம், π-யே தேவைப்படாத ஓர் அழகான வழி அது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பளவு: 94.25 × 30 = 2827.5. ஆரியபடரின் நூலான ஆரியபடீயம் சொல்லும் முறை இதுதான். வட்டத்தரையை (சுற்றளவில் அரையை) விட்டத்தரையால் (விட்டத்தில் அரையால்) தாக்கச் (பெருக்கச்) சொல்லும் பழைய தமிழ்க் கணக்குச் செய்யுளும் இதையே சொல்கிறது. எதிரெதிர்ப் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். கூடவே ஒரு சோதனையும் கிடைக்கிறது: சுற்றளவை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 3.14-ஐ ஒட்டி வந்தால் நல்லது. 3.16 வந்தால் எங்கோ டேப் நழுவியிருக்கிறது அல்லது பொருள் வட்டமாக இல்லை; மறுபடி அளக்க வேண்டும்.

சற்று நீள்வட்டமாக இருந்தால் மிக நீளமான விட்டத்தையும் அதற்குச் செங்குத்தான விட்டத்தையும் அளந்து, இரண்டையும் பெருக்கி 0.7854-ஆல் பெருக்குங்கள். 62-உம் 58-உம் என்றால் 2824.3. இரண்டின் சராசரி 60 என்று எடுத்திருந்தால் 2827.4, பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் விட்டம் எந்தத் திசையில் அளந்தாலும் ஒன்றாக இருப்பதாலேயே அது வட்டம் என்று நம்பிவிட முடியாது. வளைந்த மூன்று பக்கங்கள் கொண்ட ரூலோ முக்கோணத்துக்கு எல்லாத் திசையிலும் ஒரே அகலம். சுற்றளவும் அதே அகலமுள்ள வட்டத்துக்குச் சமம். பரப்பளவு மட்டும் 0.7854-க்குப் பதில் 0.7048. டேப்போ காலிப்பரோ இதைக் கண்டுபிடிக்காது. கடைசல், கிரைண்டிங் வேலை செய்பவர்கள் உருளையை ‘வி’ வடிவப் பள்ளமுள்ள கட்டையில் வைத்துச் சுழற்றி, நுண்ணிய ஏற்ற இறக்கத்தைக் காட்டும் டயல் கேஜின் முள் ஆடுகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

π வேண்டாத இடங்கள்

இரண்டு வட்டங்களை ஒப்பிடும்போது π இரு பக்கமும் அடிபட்டுப் போகும். விட்டங்களின் வர்க்கத்தை ஒப்பிட்டாலே போதும். 50 மி.மீ. குழாய் இரண்டு, 75 மி.மீ. குழாய் ஒன்றுக்கு ஈடாகுமா? 2500 + 2500 = 5000; 75-இன் வர்க்கம் 5625. ஆகாது. 100 மி.மீ. குழாய்க்கு 10,000, அதாவது நாலு 50 மி.மீ. குழாய்கள் வேண்டும். (இது பரப்பளவு மட்டும். நீர் ஓடும்போது சிறு குழாய்களில் உராய்வு கூடுவதால் நாலும் சேர்ந்துகூட அதே அளவு நீரைத் தராது.) அமெரிக்க முறையில் மின்கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சர்க்குலர் மில்லில் சொல்வதும் இந்தச் சிக்கனம்தான்: விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாக எடுத்து வர்க்கமாக்கினால் அதுவே அளவு, π கிடையாது.

வளையத்தின் பரப்பு

ஒரு குழாயின் வெட்டுமுகம் வளையம். வெளிவிட்டம் 60, சுவர்த் தடிமன் 0.2 செ.மீ.; அப்போது உள்விட்டம் 59.6. தடிமனை ஒரு பக்கம் மட்டும் கழித்து 59.8 என்று எடுப்பது இங்கே வழக்கமான தவறு. இரண்டு வட்டங்களின் பரப்பையும் தனித்தனியாகக் கண்டு கழிக்கலாம், ஆனால் பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கும்போது சிறு பிழைகள் பூதாகரமாகும். வெளி வட்டத்துக்கு 22/7, உள் வட்டத்துக்கு 3.14 என்று போட்டால் 2828.57 − 2788.45 = 40.12. சரியான விடை 37.57, 7 சதவீதம் பிசகு! கூட்டி, கழித்து, பெருக்குவதே நல்ல வழி: (60 + 59.6) × (60 − 59.6) × 0.7854 = 119.6 × 0.4 × 0.7854 = 37.57. முழுமையாக்கும் பிழை இதில் பெருகாது.

கால்குலேட்டர், எக்செல், நிரல்

விட்டம் 14 என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் π × 14 ÷ 2 என்று தட்டிக் கடைசியில் வர்க்கப் பொத்தானை அழுத்தினால், அது 2-ஐ மட்டும் வர்க்கமாக்கி 10.996 தரும். இடையில் சமக்குறியை அழுத்திவிட்டு வர்க்கமாக்கினால் π-யும் சேர்ந்து வர்க்கமாகி 483.61 வரும். சரியான விடை 153.94. விட்டத்தை முதலில் வர்க்கமாக்கி, பிறகு π-ஆல் பெருக்கி, கடைசியில் 4-ஆல் வகுத்தால் எந்தக் கால்குலேட்டரிலும் சிக்கல் இல்லை.

எக்செல்லில் 3.14 என்று கையால் எழுதாமல் அதில் உள்ள π செயற்கூற்றையே, அதாவது PI()-ஐயே, பயன்படுத்துங்கள்; ஒரே தாளில் இரண்டு π நுழையும் வாய்ப்பு போய்விடும். சி, ஜாவா போன்ற மொழிகளில் 22-ஐ 7-ஆல் முழு எண்களாக வகுத்தால் 3 மட்டுமே கிடைக்கும். 11-ஐ 14-ஆல் வகுத்தால் பூஜ்யம், எல்லா வட்டமும் பூஜ்யப் பரப்பாகிவிடும். எக்செல்லில் அடுக்கைக் குறிக்கும் கூரைக் குறி (^) இந்த மொழிகளிலும் பைத்தானிலும் வேறு வேலை செய்கிறது: 10-ஐ அதைக் கொண்டு வர்க்கமாக்கப் போனால் 100-க்குப் பதில் 8 வரும், பிழைச் செய்தி எதுவும் இல்லாமல். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி எழுதுவதே பத்திரம்.

அலகை மாற்றுவதாக இருந்தால் வர்க்கமாக்கும் முன் விட்டத்திலேயே மாற்றிவிடுங்கள். 600 மி.மீ. என்பதை 60 செ.மீ. ஆக்கிவிட்டுத் தொடங்கினால் குழப்பமில்லை. 2,82,743 சதுர மி.மீ. வந்த பிறகு சதுர செ.மீ. ஆக்க 100-ஆல் வகுக்க வேண்டும். பழக்கத்தில் 10-ஆல் வகுத்துவிடுவார்கள்.

விடையை எத்தனை இலக்கம் வரை எழுதுவது என்பதை டேப் தீர்மானிக்கும். ஒரு மில்லிமீட்டர் வரைதான் நிச்சயம் என்றால், ஏறக்குறைய 9 சதுர செ.மீ. இப்படியும் அப்படியும் போகலாம். அப்போது கால்குலேட்டர் காட்டும் 2827.433388-இல் புள்ளிக்குப் பின்னால் உள்ளவை எதற்கும் பொருளில்லை. 2830 சதுர செ.மீ. என்று எழுதினால் போதும்.